தொண்டைமான் சீமையின் பழைய வரைபடங்கள்: தேட, வாங்க, காக்க

பழைய வரைபடங்களைச் சேர்க்க வருகிறவர்களில் பெரும்பாலோரை இழுத்து வருவது அழகுதான். கடலில் பாய்மரக் கப்பல், மூலையில் திசைகாட்டும் நட்சத்திரம், ஓரத்தில் யானையும் ஒட்டகமும், தலைப்பைச் சுற்றிப் பூவும் கொடியும். அந்த ஈர்ப்பு நல்லதே. ஆனால் அழகை மட்டும் அளவுகோலாக வைத்துக்கொண்டால் நான்கைந்து படங்கள் வாங்கியதும் எல்லாம் ஒன்றுபோலத் தெரியத் தொடங்கும். அதனால் இந்த அத்தியாயம் வேறொரு வழியைச் சொல்கிறது. உங்கள் கால் பழகிய ஒரு சீமையைத் தேர்ந்துகொள்ளுங்கள். அந்தச் சீமை காகிதத்தில் எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக நிரம்பியது என்பதைப் படம் படமாகப் பின்தொடருங்கள். இங்கே நாம் எடுத்துக்கொள்வது புதுக்கோட்டையை.

இந்தத் தேர்வுக்கு வலுவான காரணங்கள் உண்டு. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் ரகுநாதத் தொண்டைமானோடு தொடங்கிய புதுக்கோட்டை சமஸ்தானம், 1948 மார்ச் 3 அன்று இந்திய ஒன்றியத்தில் இணையும்வரை தனக்கென்று ஓர் எல்லைக்கோட்டோடு இருந்தது. பரப்பு ஏறக்குறைய 1,179 சதுர மைல். ஆலங்குடி, குளத்தூர், திருமயம் என்று மூன்றே தாலுகா. 18ஆம் நூற்றாண்டின் ஐரோப்பியப் படங்கள் இதை ஊர்ப்பெயரால் குறிப்பதைவிட மன்னர் பெயரால் ‘தொண்டைமான் நாடு’ என்றே குறித்தன. எல்லாவற்றையும்விட முக்கியமானது, பழைய சமஸ்தானத்துக்குக் கடற்கரையே கிடையாது என்பது. கப்பலில் வந்து கரையை மட்டும் பார்த்துப் படம் போட்டவர்களுக்கு இந்த ஊர்கள் தெரிய வழியில்லை. ஆகவே இந்தச் சீமை ஒரு படத்தில் சரியாக வந்திருக்கிறது என்றால், யாரோ ஒருவர் உள்நாட்டில் நடந்திருக்கிறார் என்று பொருள். அவர் யார், எதற்காக நடந்தார் என்று தேடும்போதுதான் இந்தக் கலையின் உண்மையான சுவை தொடங்குகிறது.

இன்றைய மாவட்டம் சமஸ்தானத்தைவிடப் பெரியது. 1974 ஜனவரி 14 அன்று மாவட்டம் உருவானபோது அறந்தாங்கிப் பக்கமும் மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், மீமிசல் கரையும் தஞ்சாவூரிலிருந்து பிரிந்து வந்து சேர்ந்தன. எனவே மாவட்டம் முழுவதையும் படங்களில் பார்க்க விரும்புகிறவர் கடற்கரைப் படங்கள், உள்நாட்டுப் படங்கள் என்று இரண்டு வரிசைகளைத் தேட வேண்டும்.

கரையிலிருந்து பார்த்த படங்கள்

கடற்கரை வரிசையின் தொடக்கம் தாலமி. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த அவர் தந்த ஊர்ப்பட்டியலையும் பாகைகளையும் வைத்து வரைந்த படங்கள் 1477இல் இத்தாலியின் பொலோனியாவில் முதன்முதலாக அச்சேறின. அவற்றில் தென்னிந்தியத் தீபகற்பம் ஏறத்தாழ இல்லவே இல்லை. இலங்கையோ கண்டம்போலப் பெருத்துக் கிடக்கிறது. இந்தப் படங்களின் மூலப் பதிப்புகள் சாதாரணச் சேகரிப்பாளர் கைக்கு எட்டாதவை. நல்ல மறுஅச்சு ஒன்று போதும்.

1658இல் நாகப்பட்டினத்தைப் பிடித்த டச்சுக்காரர்கள் கரையை நன்றாக அறிந்தவர்கள். பால்டேயஸ் பாதிரியார் 1672இல் வெளியிட்ட மலபார், சோழமண்டலக் கரை நூலிலும், வாலன்டைன் 1724 முதல் 1726வரை வெளியிட்ட பெருந்தொகுதியிலும் சோழமண்டலக் கரையின் படங்கள் உள்ளன. கரையோரம் பெயர்கள் நெருக்கியடித்து நிற்கும். உள்ளே நகர நகரப் பெயர்கள் குறையும். அலங்காரம் நிறைந்த படம் வேண்டும் என்பவர்களுக்கு இவை பொருத்தமானவை. ஆம்ஸ்டர்டாமில் ப்ளாவ் குடும்பம் அச்சிட்ட மொகலாயப் பேரரசின் படம் கடைகளில் அடிக்கடி காட்டப்படும். விலங்குகளும் வண்ணமுமாக மிக அழகானது. ஆனால் அது வடக்கைப் பற்றிய படம், நம் சீமை அதில் வராது. சுவருக்காக வாங்குங்கள், இந்த வரிசைக்காக வாங்க வேண்டாம்.

பிரெஞ்சு நீரியல் வரைஞர் பெல்லான் 1764இல் ஐந்து தொகுதிகளாக வெளியிட்ட சிறு கடல் அட்லசின் தாள்கள் இன்றும் ஓரளவு எளிதாகக் கிடைக்கின்றன. சிறியவை, தெளிவானவை. புதிதாகத் தொடங்குகிறவர் துணிந்து வாங்கலாம்.

ஆவூரில் இருந்த வரைபடக்காரர்

புதுக்கோட்டைக்காரர் ஒருவர் இந்தத் துறையில் பெருமையோடு சொல்லிக்கொள்ளக்கூடிய செய்தி ஒன்று உண்டு. அது உள்ளூரிலேயே பலருக்குத் தெரியாமல் இருக்கிறது. தென்னிந்திய உள்நாட்டை ஐரோப்பியக் காகிதத்தில் முதன்முதலாக ஓரளவு நம்பகமாக நிரப்பிய படங்களில் ஒன்றின் ஆசிரியர், விராலிமலைப் பக்கத்தில் உள்ள ஆவூரில் பணிசெய்தவர்.

ழான் வெனான் பூஷே என்பது அவர் பெயர். 1655இல் பிரான்சில் பிறந்து 1732இல் காலமான இயேசு சபைத் துறவி. மதுரை மிஷனைச் சேர்ந்தவராக 17ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் ஆவூரைத் தலைமையிடமாகக் கொண்டு உழைத்தார். அங்கே அவர் எழுப்பிய தேவாலயத்தைப் பற்றி அக்காலக் கடிதங்கள் பேசுகின்றன. அந்த மிஷனின் துறவிகள் சந்நியாசிக் கோலத்தில் ஊர் ஊராக நடந்தவர்கள். மரக்கறி உணவு, தமிழ்ப் பேச்சு, இரவில் சத்திரத்திலோ மரத்தடியிலோ தங்கல். எந்தப் பாளையக்காரர் எல்லை எங்கே முடிகிறது, எந்த ஆற்றை எங்கே கடக்கலாம், எந்தக் காட்டுப்பாதையில் கள்வர் பயம் என்பதெல்லாம் அவர்களுக்கு உயிர்பிழைக்கத் தேவையான அறிவு.

அந்த அறிவு படமாக மாறியது. பூஷே 1719 தேதியிட்டு எழுதிய கடிதத்தோடு தென்னாட்டின் படம் ஒன்று பாரிசுக்குப் போயிற்று. இயேசு சபைக் கடிதங்களின் தொகுப்பில், 15ஆம் தொகுதியில், 1722இல் அது அச்சாகியது. மறுஆண்டே, பிரெஞ்சு மன்னரின் தலைமைப் புவியியலாளரான கியோம் டெலீல் மலபார், சோழமண்டலக் கரைகளின் பெரிய படத்தை வெளியிட்டார். அதன் உள்நாட்டுப் பகுதி பாதிரிமார் அனுப்பிய செய்திகளால் நிரம்பியது. பின்னர் பாரிசு வரைபடக்காரர் தான்வீல் 1752இல் தம் இந்தியப் படத்தை வரைந்தபோதும் பூஷேயின் படத்தைப் பயன்படுத்தினார். தான்வீல் பாரிசை விட்டு இந்தியப் பக்கம் வந்தவரே அல்லர். ஆவூர்ப் பக்கத்துச் செம்மண்ணில் நடந்த கால்களை நம்பித்தான் அந்தப் படத்தில் கோடுகள் ஓடுகின்றன.

இவற்றை வாங்கும்போது கவனிக்க வேண்டியவை சில. பூஷேயின் படம் சிறு அளவு நூலுக்குள் மடித்து வைக்கப்பட்டது. அதனால் மடிப்புகளில் தேய்வும் கிழிசலும் இருப்பது இயல்பு. மடிப்பே இல்லாத பளிச்சென்ற தாள் வந்தால் சந்தேகப்படுங்கள். கடிதத் தொகுப்பு பின்னாளில் பல பதிப்புகள் கண்டது. படமும் மறுபடி செதுக்கப்பட்டது. விற்பவர் ‘1722’ என்று சொன்னால் எந்தப் பதிப்பு, எந்தத் தொகுதி, எந்தப் பக்கத்துக்கு எதிரில் இருந்தது என்று கேளுங்கள். டெலீலின் படத்தை ஆம்ஸ்டர்டாம் பதிப்பாளர்களும் மறுபடி வெளியிட்டார்கள். பாரிசுப் பதிப்பில் பாரிசு முகவரி இருக்கும். இரண்டும் பழையவையே, விலையில்தான் வேறுபாடு.

தான்வீலைப் பற்றி இன்னொரு வார்த்தை. தெரியாத இடத்தை வெறுமையாக விட்டவர் அவர். அவருக்கு முந்தியவர்கள் அந்த இடங்களில் யானை வரைந்தார்கள், மலை வரைந்தார்கள், கற்பனை ஏரி வரைந்தார்கள். அலங்காரம் குறைந்ததால் அவர் படத்தைச் சிலர் ஒதுக்கிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் இந்த வரிசையில் முதலில் வாங்க வேண்டியது அதைத்தான். வெற்றிடத்தை வெற்றிடமென்று ஒப்புக்கொள்ளும் நேர்மை அந்தத் தாளுக்குத் தனி அழகைத் தருகிறது.

போரும் அளவைக்கோலும்

1751 முதல் திருச்சிக் கோட்டையைச் சுற்றி நடந்த போர்களில் ஆங்கிலேயர் படைக்குத் தானியமும் மாடும் தொண்டைமான் சீமைக் காடுகள் வழியாகத்தான் போயின. ராபர்ட் ஓர்ம் அந்தப் போர்களின் வரலாற்றை 1763இலும் 1778இலும் வெளியிட்டார். அதோடு சேர்ந்த படங்களில் தொண்டைமான் காடு முக்கியமான இடம் பெறுகிறது. படைக்கு வழிகாட்டப் போட்ட படம் என்பதால் பாதைகளும் கோட்டைகளும் துலக்கமாக இருக்கும், கண்மாய்களையும் கோயில்களையும் பற்றி அதற்குக் கவலையில்லை. படம் யாருக்காக வரையப்பட்டது என்ற கேள்வியை எப்போதும் முதலில் கேளுங்கள். மீதியைத் தாளே சொல்லிவிடும்.

அலங்காரமும் அறிவியலும் ஒரே தாளில் கைகோத்து நிற்பதைக் காண வேண்டுமானால் ஜேம்ஸ் ரென்னலின் 1782 இந்துஸ்தான் படத்தைப் பாருங்கள். அதன் தலைப்போவியத்தில் பிரித்தானியா என்னும் பெண்ணிடம் பண்டிதர்கள் தங்கள் சாத்திர நூல்களைக் கொடுத்து நிற்கிறார்கள். நாட்டைப் பிடித்தவர்கள் அதை எப்படிப் பார்க்க விரும்பினார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். அந்தப் படத்தை வீட்டில் மாட்டுகிறவர் பிள்ளைகளுக்கு அந்த ஓவியத்தின் பொருளையும் சொல்லிக்கொடுப்பது நல்லது. வெறும் அலங்காரமாக அதைத் தொங்கவிட எனக்கு மனம் வருவதில்லை. ரென்னல் 1788இல் புதிதாக வரைந்து வெளியிட்ட பெரிய படத்தில் தெற்கு இன்னும் செறிவாக இருக்கிறது. லண்டனில் வில்லியம் ஃபேடன் 1790களில் வெளியிட்ட தீபகற்பப் படம், மைசூர்ப் போர்களின்போது சேர்ந்த படையளவைகளையும் உள்வாங்கியது. கிடைத்தால் விடாதீர்கள்.

அடுத்த கட்டம் முற்றிலும் வேறு. 1802 ஏப்ரல் 10 அன்று சென்னை பரங்கிமலை அருகே வில்லியம் லாம்டன் சங்கிலியால் அடிக்கோடு அளக்கத் தொடங்கினார். அதிலிருந்து முக்கோணம் முக்கோணமாகத் தெற்கே நகர்ந்தார்கள். குன்று இருந்தால் குன்றின் உச்சி, இல்லாவிட்டால் கோயில் கோபுரம். 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலில் அரை டன் எடையுள்ள தியோடலைட் என்னும் பெரிய கோண அளவைக் கருவியைக் கயிறு கட்டி மேலே ஏற்றியபோது கயிறு அறுந்து கருவி சுவரில் மோதி நசுங்கியது. லாம்டன் கூடாரத்துக்குள் அமர்ந்து ஆறு வாரம் பாடுபட்டு அதன் வட்டத்தைத் தட்டி நிமிர்த்தினார். காவிரிப் படுகைச் சமவெளியில் கோபுரங்களை நம்பி வேலை செய்தவர்களுக்குப் புதுக்கோட்டைப் பக்கத்துப் பாறைக் குன்றுகள் நிம்மதியைத் தந்திருக்கும். அந்த அளவையின் பயனாக லண்டனில் ஆரன் ஆரோஸ்மித் 1822இல் கன்னியாகுமரி முதல் கிருஷ்ணா ஆறு வரையிலான தென்னிந்திய அட்லசை 18 தாள்களில் வெளியிட்டார். அளவு 4 மைலுக்கு 1 அங்குலம். அதன்பின் 1827 முதல் அதே அளவில் இந்திய அட்லஸ் தாள் தாளாக வரத் தொடங்கியது.

இந்திய அட்லஸ் தாள்களைப் பல வியாபாரிகள் மதிப்பதில்லை. கப்பல் இல்லை, யானை இல்லை, வண்ணமும் பெரும்பாலும் எல்லைக்கோட்டில் மட்டும். ஆனால் செப்புத் தகட்டில் கையால் செதுக்கிய மலைச்சரிவுக் கோடுகளைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். நார்த்தாமலையும் குடுமியான்மலையும் தாளிலிருந்து எழுந்து நிற்கும். ஒவ்வொரு கண்மாய்க்கும் அலையலையாக நீர்க்கோடு போட்டிருப்பார்கள். புதுக்கோட்டைக்காரருக்கு, கொடுக்கும் பணத்துக்கு மிகக் கூடுதலாகத் திருப்பித் தருவது இந்தத் தாள்தான் என்பது என் உறுதியான கருத்து.

சென்னையிலேயே அச்சான ஒன்றையும் சொல்ல வேண்டும். ஃபாரோ கம்பெனி 1854இல் தென்னிந்திய அட்லஸ் ஒன்றை வெளியிட்டது. மறுஆண்டு அதற்குத் துணையாகக் கெசட்டியரும் வந்தது. முக்கிய நகரங்களின் திட்டப்படங்களும் அதில் உண்டு. நம் நாட்டு அச்சகத்திலிருந்து வந்த பழைய அட்லஸ் என்பதாலேயே அதன் தாள்களுக்குத் தனி மதிப்புத் தருகிறேன்.

எல்லையைப் பார்த்து வயதைச் சொல்வது

தாளில் ஆண்டு இல்லாவிட்டாலும் வயதை ஓரளவு கண்டுபிடித்துவிடலாம். புதுக்கோட்டையைச் சுற்றியுள்ள பெயர்களைப் பாருங்கள். சமஸ்தானத்துக்குத் தெற்கே மதுரை மாவட்டம் என்றிருந்தால் 1910க்கு முந்தியது. ராமநாதபுரம் மாவட்டம் என்றிருந்தால் அதற்குப் பிந்தியது. (ராமநாதபுரம் ஜமீனை மதுரைக்குள் தனியாகக் காட்டிய பழைய படங்களும் உண்டு. மாவட்டமா ஜமீனா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.) திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்கு ரயில் கோடு ஓடினால் 1929க்குப் பின்; அது மானாமதுரைவரை நீண்டால் 1930க்குப் பின். வடக்கிலிருந்து வந்த கோடு அறந்தாங்கியிலேயே நின்றுவிட்டால் 1903க்கும் 1952க்கும் இடைப்பட்டது. பாம்பனில் கடலைத் தாண்டி ரயில் போனால் 1914 அல்லது அதற்குப் பின். கீழாநிலை தொண்டைமான் எல்லைக்குள் வந்திருக்கிறதா என்பதும் நல்ல அடையாளம். பாளையக்காரர் போர்களில் செய்த உதவிக்காகக் கிழக்கிந்தியக் கம்பெனி 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அதைக் கொடுத்தது. புதுக்கோட்டை திருச்சியின் ஒரு பகுதியாக மறைந்திருந்தால் 1948க்கும் 1974க்கும் இடையே.

அச்சான ஆண்டும் அளந்த ஆண்டும் ஒன்றாக இருப்பது அரிது. செப்புத் தகட்டை ஐம்பது ஆண்டுகூட வைத்திருந்து, ரயில் கோட்டை மட்டும் புதிதாகச் செதுக்கி, கிராமங்களை அப்படியே விட்டு மறுஅச்சுப் போட்டார்கள். புதிய ரயிலும் பழைய ஊரும் ஒரே தாளில் இருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

நகரத் திட்டப்படம் கிடைத்தால் அதற்கு வேறொரு சோதனை இருக்கிறது. விஜய ரகுநாத ராய தொண்டைமான் காலத்தில், 1807க்கும் 1825க்கும் இடையே, தஞ்சை ரெசிடெண்டாக இருந்த பிளாக்பர்னின் யோசனையோடு புதுக்கோட்டை நகரம் செங்குத்தாகக் குறுக்கிடும் நேர்வீதிகளாகத் திருத்தி அமைக்கப்பட்டது. ராஜ வீதிகளும், அவற்றைச் சுற்றி இரண்டாம் வீதி, மூன்றாம் வீதி என்று எண்ணிட்ட தெருக்களும் அதன் விளைவு. இந்தக் கட்டங்கள் தெரியும் படம் அதற்குப் பிந்தியதே.

மூலமா, நகலா?

பூதக்கண்ணாடி ஒன்று இல்லாமல் கடைக்குப் போகாதீர்கள். கோடுகளையும் வண்ணத்தையும் அதன் வழியாகப் பாருங்கள். சிறுசிறு புள்ளிகளாகப் பிரிந்தால் அது நவீன ஆஃப்செட் அச்சு. பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். செப்புத்தகட்டு அச்சில் கோடு தொடர்ச்சியாக இருக்கும், மை தாளின் மேல் சற்றே புடைத்து நிற்கும். தாளின் ஓரத்தைச் சுற்றித் தகடு அழுந்திய தடம் பள்ளமாகத் தெரிய வேண்டும். விரல் நுனியால் மெல்லத் தடவினாலே உணரலாம். 19ஆம் நூற்றாண்டில் பரவிய கல்லச்சில் இந்தத் தடம் இருக்காது, அதனால் அது போலி ஆகிவிடாது.

தாளை வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். 18ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் பயன்பட்ட கைத்தாளில் நெருக்கமான கோடுகளும், அவற்றுக்குக் குறுக்கே இடைவெளி விட்ட கோடுகளும் நீர்க்குறியும் தெரியும். கோடில்லாத வழுவழுப்பான தாள் 1750களின் பிற்பகுதியில்தான் வரத் தொடங்கி 1800க்குப் பிறகு பரவலானது. டெலீலின் 1723 படம் கோடில்லாத் தாளில் இருந்தால் விளக்கம் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. டீத்தண்ணீரில் நனைத்துப் பழுப்பேற்றிய தாள்கள் சுற்றுலா ஊர்களில் நிறையத் திரிகின்றன. பழுப்பு எல்லா இடத்திலும் ஒரே சீராக இருந்தால் அது செயற்கை. உண்மையான வயது ஓரத்தில் கூடுதலாகவும் நடுவில் குறைவாகவும் ஏறும்.

வண்ணம் கடினமான பகுதி. பழைய பச்சை, தாளின் பின்புறத்தில் பழுப்பாகக் கசிந்திருக்கும். செம்புச் சாயம் தாளை மெல்ல எரித்துவிடுவதால் அப்படி. நூறு ஆண்டுகளுக்குப் பின் வியாபாரி தீட்டிய வண்ணம் பின்புறம் சுத்தமாக இருக்கும். புதுவண்ணம் குற்றமில்லை. அதைப் பழையது என்று சொல்லி விலை கூட்டுவதுதான் குற்றம்.

எங்கே தேடுவது?

வாங்குவதற்கு முன் பார்க்கப் பழகுங்கள். திருக்கோகர்ணத்தில் 1910இல் தொடங்கிய அரசு அருங்காட்சியகம், அதே பகுதியில் உள்ள ஞானாலயா ஆய்வு நூலகம் இரண்டும் சமஸ்தான வரலாற்றுக்கான நல்ல நுழைவாயில்கள். ராதாகிருஷ்ண ஐயர் 1916இல் எழுதிய புதுக்கோட்டை வரலாறும், வேங்கடராம ஐயர் 1938 முதல் வெளியிட்ட சமஸ்தானக் கையேடும் ஊர்ப்பெயர்களின் பழைய வடிவங்களை அடையாளம் காணக் கைகொடுக்கும். சரபோஜி மன்னர் சேர்த்த அட்லசுகளும் படங்களும் தஞ்சை சரசுவதி மகாலில் உள்ளன. எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் அரசுப் படங்களைப் பார்க்க முன்அனுமதி வாங்கிக்கொண்டு போங்கள். இந்திய வரைபடங்களின் வரலாற்றுக்கு சூசன் கோல் எழுதிய நூல்களும், அளவை வரலாற்றுக்கு பிலிமோர் தொகுத்த பெருந்தொகுதிகளும் இன்றும் அடிப்படை.

வாங்கும் இடம் என்றால் அருகில் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு. அங்கே வரைபடம் தனியாகக் கிடைப்பது குறைவு. பழைய படச்சட்டங்களுக்கு உள்ளேயும், பெட்டியின் அடியில் விரித்த தாளாகவும், பள்ளி அட்லசுகளாகவும் வரும். சட்டத்தின் பின்பலகையைக் கழற்றிப் பார்க்க அனுமதி கேளுங்கள். ராயவரம், அரிமளம் பக்கத்துப் பெரிய வீடுகள் இடிபடும்போது காகிதங்கள் எடைக்குப் போய்விடுகின்றன. அந்த வீட்டாரிடம் அன்போடு பேசிக் காகிதத்தை ஒருமுறை புரட்டிப் பார்க்கக் கேட்பது, வாங்குவதைவிடப் பெரிய தொண்டு. ஐரோப்பியப் படங்களுக்கு வெளிநாட்டு வியாபாரிகளின் பட்டியல்களையே நம்ப வேண்டியிருக்கும். அங்கே தேடும்போது இன்றைய எழுத்தில் தேடினால் கிடைக்காது. டொண்டிமான், பூடூகோட்டா, புதுகோட்டா, ட்ரிச்சினாபொலி, டஞ்சோர் என்று பழைய ஒலிப்புகளை ஆங்கில எழுத்தில் பலவிதமாக மாற்றி மாற்றிப் போடுங்கள்.

ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. நூலக முத்திரை உள்ள தாளையோ, ஓரம் புதிதாக வெட்டுப்பட்ட தாளையோ வாங்கக் கூடாது. முழு அட்லசைப் பிரித்துத் தாள் தாளாக விற்றால் லாபம் அதிகம் என்பதால் எத்தனையோ நூல்கள் சிதைந்துவிட்டன. வாங்குகிறவர் இல்லாவிட்டால் வெட்டுகிறவரும் இருக்கமாட்டார்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச்செல்வங்கள் சட்டப்படி, வரலாற்று மதிப்புள்ள கையெழுத்துப் படிகளும் ஆவணங்களும் 75 ஆண்டு கடந்தாலே தொல்பொருள் ஆகும். பிற பொருள்களுக்கு 100 ஆண்டு. இவற்றைத் தனியார் நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக முடியாது. சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருக்கும் உறவுக்குப் பழைய படம் ஒன்றைப் பரிசாக அனுப்பும் எண்ணம் இருந்தால் முதலில் தொல்லியல் துறையிடம் கேளுங்கள். வெளிநாட்டிலிருந்து வாங்கும்போது ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

ஐப்பசி மழைக்கு முன்

காகிதத்துக்கு நம் ஊரில் மூன்று பகை: ஈரம், வெயில், பூச்சி. புதுக்கோட்டை வறண்ட மாவட்டம் என்று அலட்சியமாக இருக்க வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் வெளிச்சுவர் ஈரம் குடித்து நிற்கும். அந்தச் சுவரில் படத்தை மாட்டினால் தை மாதம் பார்க்கும்போது பழுப்புப் புள்ளிகள் பூத்திருக்கும். உள்சுவரில் மாட்டுங்கள். சட்டத்தின் பின்னால் சிறு தக்கைத் துண்டுகளை ஒட்டிச் சுவருக்கும் பலகைக்கும் இடையே காற்றோட விடுங்கள். ஜன்னலுக்கு எதிர்ச்சுவர் வேண்டாம், கைவண்ணம் வெளுத்துவிடும்.

சாமி படத்துக்குச் சட்டம் போடும் கடைக்காரர் திறமைசாலிதான், ஆனால் அவர் வழக்கம் வேறு. படத்தை அட்டையில் முழுவதும் பசை போட்டு ஒட்டி, கண்ணாடியை நேராக அதன்மேல் வைத்து அழுத்திவிடுவார். அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: அமிலமில்லா அட்டை வேண்டும், படத்தைச் சுற்றி ஜன்னல்போல வெட்டிய அட்டை விளிம்பு வேண்டும், கண்ணாடி தாளைத் தொடக் கூடாது, மேல்விளிம்பில் மட்டும் மெல்லிய ஜப்பான் தாள் கீற்றால், கோதுமை மாப்பசை கொண்டு தொங்கவிட வேண்டும். கடைப் பசையில் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் கலப்பார்கள். அது தாளுக்கு நஞ்சு. செல்லோடேப் வேண்டவே வேண்டாம். லேமினேஷன் செய்த படம் செத்த படம். அதை மீட்கும் வழி கிடையாது.

மாட்டாத படங்களைச் சுருட்டி வைக்காதீர்கள். அகலமான இழுப்பறையில் தட்டையாக, ஒவ்வொன்றையும் பாலியெஸ்டர் உறையிலோ அமிலமில்லாத் தாளிலோ வையுங்கள். ராமபாணப் பூச்சிக்கும் கரையானுக்கும் எதிராக நம் வீடுகளில் வசம்பும் வேப்பிலையும் வைப்பது பழைய பழக்கம். வைக்கலாம், துணிப்பையில் முடிந்து இழுப்பறையின் மூலையில். இலையின் சாறு தாளில் பட்டால் கறை போகாது. மழைக்காலம் முடிந்ததும் வெளியே எடுத்து நிழலில் காற்றாட விடுவது எந்த மருந்தையும்விட நல்லது. கிழிந்த படத்தை நீங்களே ஒட்டப் பார்க்காமல் காகிதப் பாதுகாப்புத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

நம் ஊர்ப் படத்தையும் சேர்த்து

ஐரோப்பியத் தாள்களோடு சேகரிப்பு நின்றுவிட்டால் பாதிதான் ஆகிறது. நம் முன்னோர் எல்லையைக் காகிதத்தில் வரையவில்லை, கல்லில் சொல்லிவைத்தார்கள். சோழர் காலச் செப்பேடுகள் பெண்யானையை நடத்தி எல்லை வகுத்ததையும், அந்த எல்லையில் கல்லும் கள்ளியும் நட்டதையும் விவரிக்கின்றன. கிழக்கெல்லை இன்ன வாய்க்காலுக்கு மேற்கு, தென்னெல்லை இன்ன ஏரிக்கரைக்கு வடக்கு என்று கல்வெட்டுகள் அடுக்கிக்கொண்டே போகும். புதுக்கோட்டை சமஸ்தானம் 1929இல் வெளியிட்ட கல்வெட்டுத் தொகுப்பில் 1,130 கல்வெட்டுகள் உள்ளன. உங்கள் ஊர்க் கோயில் கல்வெட்டை அதில் எடுத்து, சொல்லப்பட்ட நான்கெல்லையையும் பழைய படத்தின் நகலில் பென்சிலால் குறித்துப் பாருங்கள். ஆயிரம் ஆண்டு இடைவெளியில் மாறாமல் நிற்கும் குளங்கள் எத்தனை என்று வியப்பீர்கள்.

அடுத்து வாங்க வேண்டியவை அரசுப் படங்கள். இந்திய நில அளவைத் துறையின் 1 மைலுக்கு 1 அங்குலப் பழைய தாள்களில் புதுக்கோட்டை 58 ஜே என்ற எண்ணின் கீழ் வரும். மணமேல்குடிக் கரை 58 என் பக்கம். சென்னை சேப்பாக்கத்தில் உள்ள மத்திய நில அளவை அலுவலகத்தில் தாலுகா, மாவட்டப் படங்கள் கிடைக்கும். கிராமப் படமும் புலப்படமும் உங்கள் வட்ட நில அளவைப் பிரிவில் விண்ணப்பித்துக் கட்டணம் கட்டிப் பெறக்கூடியவை. இவற்றுக்குச் சந்தையில் பெரிய விலை இல்லை, அலங்காரமும் இல்லை. ஆனால் கவிநாட்டுக் கண்மாய்க்கு வெள்ளாற்றுத் தண்ணீர் வந்த வழியையோ, உங்கள் ஊர் ஊருணியின் வரத்துக்கால் எங்கே தொடங்கியது என்பதையோ சொல்லக்கூடியவை இவைதாம்.

வாங்கிய ஒவ்வொரு படத்துக்கும் தனி நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். வரைந்தவர், வெளியிட்டவர், எந்த நூலிலிருந்து வந்தது, மில்லிமீட்டரில் அளவு, தகட்டுத் தடம் உண்டா, நீர்க்குறி என்ன, யாரிடம் எப்போது வாங்கியது, அதில் நீங்கள் அடையாளம் கண்ட ஊர்கள் எவை. தாளின் பின்புறத்தில் பேனாவால் எதுவும் எழுத வேண்டாம். அவசியமானால் மிருதுவான பென்சிலால் ஓரத்தில் எண் மட்டும்.

பிறகு களத்துக்குப் போங்கள். இந்திய அட்லஸ் தாளின் நகல், ஒரு மைல் தாளின் நகல், கிராமப் படம் மூன்றையும் எடுத்துக்கொண்டு உங்கள் கண்மாயின் கலுங்கிலிருந்து கரையோடு நடந்து, வரத்துக்கால் வந்து சேரும் இடம்வரை ஒப்பிடுங்கள். ஊரில் வயதானவர் ஒருவரையும் கூட அழைத்துச் செல்லுங்கள். படத்தில் இல்லாத பெயர்கள் அவரிடம் இருக்கும், அவற்றை நகலில் எழுதிக்கொள்ளலாம். வாய்க்கால் காணாமல் போயிருந்தால் வட்டாட்சியருக்குக் கொடுக்கும் மனுவோடு இந்த நகல்களை இணைக்கலாம். மூலப்படம் இழுப்பறையை விட்டு வெளியே வர வேண்டிய அவசியமே இல்லை.